பவளம் பற்றவைத்த அடுப்புகள்

ஓசூர் சிப்காட்டில் யாரைக் கேட்டாலும் முதலில் ஊரைச் சொல்ல மாட்டார்கள், ஷிப்டைத்தான் சொல்வார்கள். "நான் பஸ்ட் ஷிப்ட்", "எங்க வீட்டுக்காரர் செகண்ட் ஷிப்ட்" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். அருப்புக்கோட்டையிலிருந்து கல்யாணமாகி வந்த பவளத்துக்கு இது ரொம்ப நாள் வேடிக்கையாக இருந்தது. இரண்டாயிரமாவது வருஷம் அவள் புருஷன் பாஸ்கரன் வேலை பார்த்த வார்ப்படக் கம்பெனி கதவை இழுத்துச் சாத்தியதும் வேடிக்கை போய்விட்டது. ஷிப்ட் இல்லாத மனுஷனை அந்த ஊர் ஏறெடுத்தும் பார்க்காது.

பாஸ்கரன் நல்ல மனுஷன். அதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் கிடையாது. வேலை போனதும் கட்டிலில் மல்லாந்து படுத்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பவளத்துக்கு அப்படிப் படுக்கத் தெரியாது. மகள் மோகனப்ரியாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பும் வழியில், கம்பெனி கேட்டுகளுக்கு வெளியே நின்று நின்று பார்த்தாள். ஷிப்ட் விட்டதும் ஆட்கள் பசியோடு வெளியே வருகிறார்கள். கம்பெனி பஸ் பத்து நிமிஷம்தான் நிற்கும். ஓட்டலுக்குப் போய் உட்கார்ந்தால் பஸ் போய்விடும். அதனால் பன்னைக் கடித்துக்கொண்டே ஓடி ஏறுகிறார்கள். இந்தப் பத்து நிமிஷத்துக்குள் ஒருத்தன் கையில் சுடச்சுட ஒரு பிளேட் கொடுத்துவிட்டால்? பின்னாளில் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை பெயர் போட்டு நின்ற அத்தனை கடைகளுக்கும் விதை இந்த ஒரு கேள்விதான்.

ஒரு தள்ளுவண்டி. பழைய இரும்புக்கடையில் எடுத்த ஒரு பெரிய கேஸ் பர்னர், ஒரு கடாய். காலையிலேயே பச்சரிசியை உதிரி உதிரியாக வடித்து, பாஸ்கரனின் வெள்ளை வேட்டியில் பரப்பி மின்விசிறிக் காற்றில் ஆறவிடுவாள். முட்டைக்கோசும் கேரட்டும் நூல் நூலாக நறுக்கி வைத்திருப்பாள். சொன்ன உடனே பெரிய தீயில் நாலு புரட்டு புரட்டினால் எக் ரைஸ் தயார். அந்த ஊரில் இதற்குப் பெயர் பாஸ்ட் புட். மற்ற கடைகளில் பெயருக்குத்தான் பாஸ்ட், வாங்குவதற்குள் விடிந்துவிடும். பவளத்தின் வண்டியில்தான் அந்தப் பெயர் பொய்யாகவில்லை.

முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. பாஸ்கரன் ஆம்பிளை என்ற தோரணையில் அடுப்பைப் பற்றவைக்கப் போனான். கேஸைத் திறந்துவிட்டுவிட்டு, அப்புறம் தீப்பெட்டியைத் தேடினான். குச்சியை உரசியதும் குப்பென்று கிளம்பிய தீயில் ஒரு பக்கத்துப் புருவம் காணாமல் போயிற்று.

"தள்ளுங்க அங்கிட்டு" என்று அவனை நகர்த்திவிட்டு, பவளம் ஒரு துண்டுக் காகிதத்தைச் சுருட்டிப் பற்றவைத்தாள். அதைப் பர்னர்மேல் பிடித்துக்கொண்டு வால்வை மெல்லத் திறந்தாள். முதலில் தீ, அப்புறம்தான் கேஸ். அடுப்பு சொன்னபடி கேட்டது.

இந்தக் களேபரத்தில் நேரம் போய்விட, எதிரே கம்பெனி பஸ் டிரைவர் வெங்கடப்பன் ஹாரனை அழுத்த ஆரம்பித்துவிட்டார். பாகலூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, ரோட்டில் கன்னடம், சண்டைக்கு மட்டும் தமிழ். "பேகா பேகா!" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தி ஆட்களை விரட்டினார். வந்த நாலு பேரும் ஓடப் பார்த்தார்கள். பவளம் யோசிக்கவில்லை. இறக்கிய முதல் பிளேட்டை எடுத்துக்கொண்டு நேரே பஸ்ஸுக்குப் போய் டிரைவர் கையில் கொடுத்தாள்.

"சாப்பிட்டுட்டு அமுக்குங்கண்ணே."

அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை ஹாரன் கேட்கவில்லை. அதற்குள் ஒரு பஸ் ஆட்களும் சாப்பிட்டு முடித்தார்கள். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. எந்த ஊரில் கடை திறந்தாலும் பவளம் கையால் அடுப்பு பற்ற வேண்டும், முதல் பிளேட் வெங்கடப்பனுக்குப் போக வேண்டும்.

வண்டி கடையானது. கடை இரண்டானது. பாரூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்திலிருந்து காவேரி என்ற பெண் காய் நறுக்க வந்தாள். கடாய்க்கு முனிவேல் வந்தான். ஊரிலிருந்து தம்பி ஜெகதீஷை வரவழைத்தாள் பவளம். டிப்ளமோ முடித்துவிட்டு வெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்தவன். அவனைக் குறை சொல்லக் கூடாது, சுறுசுறுப்பான பையன். எந்த இடத்தில் கடை போட்டால் ஓடும் என்று அவனுக்கு மூக்கில் வேர்க்கும். 'பவளம் பாஸ்ட் புட்' என்றிருந்த போர்டில் தமிழோடு கன்னடத்தையும் சேர்த்தது அவன்தான். பிறகு எங்கிருந்தோ ஒரு 'ஸ்' பிடித்து வந்து 'பவளம்ஸ்' ஆக்கியதும் அவன்தான். "நான் ஒருத்திதானடா இருக்கேன், எதுக்கு ஸ்ஸு?" என்று பவளம் கேட்டாள். அவன் சிரித்தான். அவளே பார்த்து அவனுக்கு ஊர்ப்பக்கத்துப் பெண் லாவண்யாவைக் கட்டிவைத்தாள்.

சூளகிரியில் கடை, கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் கடை. எல்லாவற்றையும் பவளம்தான் பற்றவைத்தாள். தீப்பெட்டியும் காகிதமும்தான், லைட்டரைத் தொடமாட்டாள். எல்லாக் கடையும் ஓடியது. கைராசிக்காரி என்று பெயர் வந்தது. பக்கத்தில் செல்போன் கடை திறந்தவர்கள்கூட விளக்கேற்ற அவளைக் கூப்பிட்டார்கள். அவளும் போனாள். அதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு, அதை மறைக்கத் தெரியாது. தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வாள். எண்ணெய் தெறித்த தழும்பும் கத்தி கீறிய கோடும் உள்ள கை. அந்தக் கையில் ராசி இருக்கிறது என்று ஊரே சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது?

இரண்டாயிரத்து ஐந்தில் போச்சம்பள்ளியில் கம்பெனிகள் பக்கம் இடம் பார்த்துவிட்டு, பைக்கில் ஓசூர் திரும்பிய பாஸ்கரனைக் குந்தாரப்பள்ளி தாண்டி ஒரு லாரி அடித்துவிட்டுப் போய்விட்டது. சந்தை நாள். மாட்டு வண்டிகளும் டெம்போக்களுமாக ரோடு அடைத்துக்கொண்டு கிடந்ததில், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. நல்ல மனுஷன் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்றேனே, அந்த நல்ல மனுஷன் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று பவளத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. அழுது அழுது அவள் குரலே மாறிவிட்டது.

அவன் பார்த்து வைத்த போச்சம்பள்ளிக் கடையை மூன்று மாதம் கழித்துத் திறந்தார்கள். பூஜை முடிந்தது. ஜெகதீஷ் எப்போதும் போல, ஒன்றும் யோசிக்காமல், தீப்பெட்டியை அக்காவிடம்தான் நீட்டினான். பவளம் வாங்கினாள். சுற்றிலும் பார்த்தாள். பூவும் பொட்டுமாக அத்தனை பெண்கள். தான் மட்டும் வெறும் நெற்றியோடு நிற்பது அவளுக்கு உறைத்தது. கடை நன்றாக ஓட வேண்டுமே, நம்மால் எதுவும் ஆகிவிடக் கூடாதே என்று பயந்தாள். தீப்பெட்டியை லாவண்யாவின் கையில் வைத்தாள்.

"நீ பத்த வை தாயி. ஒரு வருசம் போகட்டும்."

காய்க்கூடையோடு நின்ற காவேரிக்கு மனசு ஒப்பவில்லை. "இன்னாக்கா நீ? அடுப்புக்கு உன் கைதான் தெரியும். நீயே வெய்யி" என்றாள்.

"சும்மா இரு காவேரி."

மோகனப்ரியா பள்ளிக்கூட யூனிபார்மோடு அம்மா பக்கத்தில்தான் நின்றாள். அம்மா ஒதுங்கிப் பின்னால் போனபோது அவளும் கூடவே போனாள். லாவண்யா தீப்பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, லைட்டரை வாங்கி டக்கென்று பற்றவைத்தாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

போச்சம்பள்ளிக் கடை பிய்த்துக்கொண்டு ஓடியது. கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கிற இடம், ஓடாமல் என்ன செய்யும்? ஆனால் கணக்கு அப்படிப் போகவில்லை. லாவண்யா கைராசி என்று பேச்சு கிளம்பியது. அடுத்த கடை திறந்தபோது வருஷம் திரும்பியிருந்தது. பவளம் புதுப் புடவை கட்டிக்கொண்டு, இடுப்பில் தீப்பெட்டியைச் செருகிக்கொண்டு போய் நின்றாள். நோட்டீஸிலேயே அச்சடித்திருந்தார்கள், 'திருமதி லாவண்யா ஜெகதீஷ் அவர்களின் திருக்கரங்களால்' என்று. பவளம் வீட்டுக்கு வந்ததும் தீப்பெட்டியைப் பழையபடி அடுப்படியில் வைத்தாள்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்கள் லாவண்யாவை முதலாளியம்மா என்றார்கள். பவளத்தைப் பெரியம்மா என்றார்கள். காலையில் வந்து சோறு உதிரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிற பெரியம்மா. அடுப்பைப் பற்றவைக்கிறவர்கள்தான் கடைக்கு உடையவர்கள் என்பது அந்தத் தொழிலில் எழுதாத சட்டம். கல்லாவில் யார் உட்கார்ந்தாலும், போர்டில் யார் பெயர் இருந்தாலும், முதல் தீ யார் கையோ அவர்களைப் பார்த்துத்தான் ஆட்கள் எழுந்து நிற்பார்கள். பெயர் மட்டும் தலைக்கு மேலே குழல்விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. பெயருக்குச் சொந்தக்காரி பின்கட்டில் அரிசி கிளறினாள்.

பர்கூர்க் கடை திறப்பதற்கு முன்பு வாய்விட்டே கேட்டாள்.

"ஏன்டா ஜெகா, இந்தத் தடவை நான் வைக்கட்டுமா?"

"ராசியாப் போயிட்டிருக்குக்கா. எதுக்கு மாத்திக்கிட்டு?"

"என் ராசிக்கு என்ன கொறச்சலு?"

அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். தான் தூக்கி வளர்த்த கை, தான் சோறு போட்டு ஆளாக்கிய கை, தன்னையே மெல்ல மெல்லப் பின்னால் தள்ளுகிறது என்று அவளுக்கு விளங்கிப்போயிற்று. ஆனால் சொந்தத் தம்பியோடு எப்படிச் சண்டை போடுவது? போட்டால் ஊர் சிரிக்காதா? விழுங்கிக்கொண்டாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் கிருஷ்ணகிரியில் ஹைவே ஓரம் பெரிய கடை. இரண்டு மாடி, ஏசி, கண்ணாடிச் சுவர். தள்ளுவண்டியில் ஆரம்பித்த பெயருக்கு மகுடம் மாதிரி. அதே சமயம் மோகனப்ரியாவுக்கு இடமும் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை கௌதம் பெங்களூரில் வேலை, சேலத்தில் அரிசி மில் வைத்திருக்கும் குடும்பம். கடை திறப்புக்கு அவர்களையும் அழைத்திருந்தார்கள்.

இந்தத் தடவை பவளம் விடுவதாக இல்லை. தம்பியை உட்காரவைத்துச் சொன்னாள். "இதுதான்டா பெரிசு. இதை நான்தான் பத்த வைப்பேன். உங்கிட்ட வேற எதுவும் நான் கேக்கல."

ஜெகதீஷ் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "உன் மேல சத்தியமாச் சொல்றேன்க்கா. நீதான். ஒம்பது மணிக்கு மேல முகூர்த்தம். கார் அனுப்புறேன்."

அந்த நாலு நாளும் பவளம் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாள். மாம்பழ நிறத்தில் ஒரு புடவை எடுத்தாள். காவேரியிடம் காட்டி, ரொம்பப் பளிச்சென்று இருக்கிறதா என்று பத்துத் தரம் கேட்டாள். புதுத் தீப்பெட்டி வாங்கி, நமத்துப்போகக் கூடாதென்று அரிசி டப்பாவுக்குள் வைத்தாள்.

அன்று காலை கார் வருவதற்கு முன்னாலேயே தயாராகி, தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, காவேரியோடு வாசலில் நின்றாள். எட்டரைக்கெல்லாம் கிருஷ்ணகிரி போய்விட்டார்கள். வாழைமரம், தோரணம், ஸ்பீக்கரில் நாதஸ்வரம். காரிலிருந்து இறங்கியதும் காவேரி மூக்கை உறிஞ்சினாள்.

"அக்கா, பூண்டு தாளிக்கிற வாசம் வர்துக்கா."

பவளத்துக்கும் வந்தது. எண்ணெயில் பூண்டு விழும் வாசம். எத்தனை வருஷம் அவள் கையிலிருந்தே கிளம்பிய வாசம். அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது என்று சொல்ல யாரும் தேவையில்லை.

படியில் வெங்கடப்பன் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்று, தலை முழுக்க வெளுத்துப்போயிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து, தப்பு செய்தவர் மாதிரி நின்றார். "விடிகாலையே ஆயிடுச்சம்மா. பிளேட்டு எனுக்குத்தான் கொண்டாந்தாங்கோ. நான் தொடல."

ஜெகதீஷ் பட்டு வேட்டியில் ஓடி வந்தான். "ஜோசியர் கடைசி நேரத்துல முகூர்த்தத்தை மாத்திட்டார்க்கா."

"ஒரு போன் போட்டிருக்கலாம்ல?"

"உன்னைய எதுக்கு அந்நேரத்துல அலைய வைக்கணும்னுதான்..."

"எம்மேல சத்தியம் பண்ணுனியேடா."

அவன் கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டான். "நான் உன்னையத்தான் கூப்பிடணும்னு இருந்தேன். மோகனாகிட்டக் கேட்டுக்கோ."

கோலம் போடவென்று முந்தின நாளே மாமாவோடு கிளம்பிவந்திருந்த மோகனப்ரியா மாடிப்படிக்குக் கீழே நின்றிருந்தாள். அம்மா வருவதைப் பார்த்ததும் முந்தானையை விரலில் சுற்ற ஆரம்பித்தாள்.

"நான்தாம்மா மாமாகிட்டச் சொன்னேன்" என்றாள். "கௌதம் வீட்டுல வராங்க. நல்ல காரியம் நடக்கப்போற நேரத்துல அவங்க ஏதாச்சும் நெனச்சுட்டா? இந்த ஒரு தடவை மட்டும்தானேம்மா."

தம்பி செய்ததை ஒருவிதமாகத் தாங்கிக்கொள்ளலாம், அவனுக்குப் பெண்டாட்டி இருக்கிறாள், அவள் பேச்சு இருக்கிறது. பெற்ற மகள் இதைச் செய்வாள் என்று எந்தத் தாய் நினைப்பாள்? இந்தப் பெண்ணைப் படிக்கவைத்தது, இவள் கழுத்தில் கிடப்பது, கட்டியிருப்பது எல்லாம் அந்த அடுப்பிலிருந்து வந்தவை.

"அவுக கேட்டாகளா?" என்றாள் மெதுவாக. "நான் தொடக் கூடாதுன்னு அவுக சொன்னாகளா?"

மகள் முந்தானையை இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. கௌதமின் அம்மா கையில் பழத்தட்டோடு இறங்கி, நேரே பவளத்திடம்தான் வந்தார். வேர்த்திருந்த முகத்தைத் துடைத்துக்கொண்டே அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அடடா, அதுக்குள்ள பத்த வெச்சுட்டீங்களா சம்பந்தி? நீங்க காயிதத்துல தீ வெச்சு அடுப்பு மூட்டறதை, நாங்க பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு வெங்கடப்பன் கதை கதையாச் சொன்னாருங்க. அதைப் பாக்கோணும்னுதான் இருட்டோட கெளம்பி வந்தோம். எங்கூட்டுலயும் அப்படித்தானுங்க. மாமனாரு போய் எத்தனையோ வருசமாச்சு, இன்னைக்கும் மில்லு சுவிச்சை எங்க மாமியாருதான் போடோணும். வேற ஆளு கை வெச்சாச் சண்டைக்கு வந்துருவாங்க."

அவர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பவளம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தம்பி. மதினி மதினி என்று வாய் நிறையக் கூப்பிடும் லாவண்யா. மகள். வெளியாள் ஒருத்தர்கூட அவளை ஒதுக்கவில்லை. ஒதுக்கியவர்கள் அத்தனை பேரும் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அந்த ஏசிக் குளிரிலும் அவள் முகம் எரிந்தது.

சம்பந்தியம்மாளை உட்காரச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று அடுப்படிக்குள் போனாள். முனிவேல் கடாயை அசைத்துக்கொண்டிருந்தான்.

"முனிவேலு, தள்ளு."

மெயின் வால்வை ஒரே திருப்பாகத் திருப்பி மூடினாள். வரிசையாக எரிந்த பர்னர்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி அணைந்தன. ஒவ்வொன்றின் திருகையும் மூடினாள். புகைபோக்கி விசிறியின் இரைச்சல் மட்டும் மிச்சம்.

பின்னாலேயே ஓடி வந்த லாவண்யா தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஐயையோ மதினி! தெறந்த அன்னைக்கே அடுப்பை அணைக்கலாமா?"

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்கம்மா" என்றாள் மோகனப்ரியா.

"பாக்கட்டும். நான் என்ன திருடவா செய்றேன்?"

மோகனப்ரியாவுக்கு அழுகை வந்தது, அழுகையோடு கோபமும் வந்தது. "என்னைய மட்டும் குத்தம் சொல்லாத. போச்சம்பள்ளியில நீயேதான அத்தை கையில குடுத்த? மாமா உங்கிட்டத்தான் நீட்டுனாங்க. யாரும் உன்னைய ஒதுங்கச் சொல்லல. நான் பக்கத்துலதான நின்னேன். எனக்கு வேற எப்படித் தெரியும்?"

பவளம் இத்தனை நாள் நெஞ்சுக்குள் தம்பியைத் திட்டியிருக்கிறாள், லாவண்யாவைத் திட்டியிருக்கிறாள், இப்போது மகளையும் திட்ட வாய் வரை வந்திருந்தது. அந்த யூனிபார்ம் போட்ட பிள்ளை தன் புடவையைப் பிடித்துக்கொண்டு தன்னோடு பின்னால் நகர்ந்தது அவளுக்கு இப்போதுதான் கண்ணில் தெரிந்தது. யாரும் கேட்காமல் மகள் அம்மாவை ஒதுக்கினாள். யாரும் கேட்காமல் அம்மா தன்னையே ஒதுக்கிக்கொண்டதைப் பார்த்து வளர்ந்தவள். முதல் துரோகம் தன் கையிலிருந்துதான் போயிருக்கிறது. கேட்டுக்கொண்டிருக்க முடியாத உண்மை அது, ஆனால் உண்மை.

இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள்.

"ஆமா, நான்தான் குடுத்தேன்" என்றாள். "நீ பாத்துக்கிட்டு நின்ன. வா, இன்னைக்கும் கிட்ட வந்து நில்லு. இதையும் பாரு."

மோகனப்ரியா நிலைப்படி வரைக்கும் வந்தாள். அதற்கு மேல் வரவில்லை. பவளம் சற்று நேரம் அவளுக்காகக் காத்திருந்தாள். பிறகு மெயினைத் திறந்துவிட்டு, காகிதத்தைச் சுருட்டிப் பற்றவைத்து, பர்னர்மேல் பிடித்துக்கொண்டு, வால்வை மெல்லத் திறந்தாள்.